நூற்றுக்கு நூறு எடுத்த பிரகாஷ்

பழவேற்காடு ஏரியின் இந்தக் கரையில் கஸ்தூரியும், எதிர்க்கரையில் அவள் புருஷன் பிரகாஷும் ஆளுக்கொரு பெட்டி முன்னால் உட்கார வேண்டும். அதுதான் வேலை. சென்னையிலிருந்து வந்த ஆராய்ச்சியாளர் மாலதி, ஒளித்துகள்களை இணை இணையாக உண்டாக்கி, கண்ணாடி இழை வழியே ஒன்றை இங்கும் மற்றதை அங்கும் அனுப்பினாள். நிமிடத்துக்கு ஓர் இணை, ஒரு நாளைக்கு நூறு. துகள் வந்து சேர்ந்ததும் பெட்டியில் சிவப்போ பச்சையோ எரியும். உப்புக்காற்றில் கணினி கெட்டுப்போனதால் நோட்டில் குறித்துக்கொள்ள ஆள் தேவைப்பட்டது.

"எந்த நிறம் வரும்னு முன்கூட்டி யாராலயும் சொல்ல முடியாது. ஆனா இங்க சிவப்பு வந்தா அங்க பச்சைதான். பார்க்காமலே தெரிஞ்சுக்கலாம்," என்றாள் மாலதி.

பிரகாஷ் அதை மட்டும் நன்றாகக் கேட்டுக்கொண்டான்.

எதிர்க்கரையில் பத்து நிமிடம் உட்கார்ந்தான். தண்ணீர் வற்றி, சேற்றில் நண்டு ஓடியது. இறங்கிவிட்டான். மதியம் கஸ்தூரிக்குப் போன் போட்டான்.

"உன் நோட்ட மொதல்லேர்ந்து படி."

"இன்னாத்துக்கு?"

"சும்மா படிமே."

அவள் சிவப்பு என்றால் இவன் பச்சை என்று எழுதினான்.

சாயங்காலம் இரண்டு நோட்டையும் ஒப்பிட்ட மாலதி மறுபடி முதலிலிருந்து எண்ணினாள். நூறும் எதிரெதிர்.

"நல்லா வந்துக்குதா மேடம்?" என்றான் பிரகாஷ்.

"வரவே கூடாதுங்க. உங்க பெட்டிக்குள்ள துகள் விழற கண்ணாடி, நான் வச்சிருந்தபடி, இருபது தடவை தானாவே சாஞ்சிருக்கு. அப்போ இங்க பார்த்து அங்க என்னன்னு சொல்லவே முடியாது. அந்த இருபதுல பாதி ஒண்ணா வரணும், பாதி எதிரா வரணும். இது உலகத்துலயே நடக்காதது."

சொல்லிக்கொண்டே பேராசிரியருக்குப் போன் போட்டாள். டெல்லியிலிருந்தும் நாலு பேரைக் கூட்டிக்கொண்டு விடிந்ததும் வருவதாக அவர் சொன்னார். பிரகாஷுக்கு வேர்த்துவிட்டது.

"மேடம், அவர வர வாணாம்னு சொல்லுங்க," என்றாள் கஸ்தூரி. "இந்த ஆளு நண்டு புடிக்கப் பூட்டாரு. நான் படிச்சத மாத்தி எழுதிக்கினாரு."

மாலதி மறுபடி பேராசிரியரைக் கூப்பிட்டாள். "சார், புது இயற்பியல் இல்ல. நண்டு," என்றாள்.

மறுநாள் பிரகாஷ் நூறு நிமிடமும் நகரவில்லை. கண்ணாடி நேராக இருந்த எண்பதில் எழுபத்தாறு எதிரெதிர்; கருவியில் நாலைந்து பிசகுவது சகஜம். சாய்ந்த இருபதில் பதினொன்று, ஏறக்குறைய பாதி. மாலதி சந்தோஷத்தில் எல்லோருக்கும் டீ சொன்னாள்.

பிரகாஷ் தம்ளரைக் கையில் வாங்கிக்கொண்டு யோசித்தான்.

"நேத்து நூறு எடுத்தேன், மூஞ்சி சுளிச்சீங்க. இன்னிக்கு எண்பத்தேழு, டீ வாங்கித் தர்றீங்க. இன்னா படிப்பு மேடம் இது?"