தட்டில் மிஞ்சிய ஆறு மீன்

"ஏங்க, கட்டின பொண்டாட்டிக்கு ஒரு இருநூறு கிராம் விட்டுக் குடுத்தா குறைஞ்சா போயிடுவீங்க?"

நாலு பேர் பார்க்கிறார்களே என்ற யோசனையெல்லாம் சமையல் அக்காவுக்கு இல்லை. மீன் கம்பெனியின் பின்வாசலில், தராசு மேடைக்குப் பக்கத்தில், இடுப்பில் கை வைத்துக்கொண்டு கேட்டாள். எதிரே நின்றவர் அவளுடைய வீட்டுக்காரர். கம்பெனிக்கு வருகிற மீன், வெட்டிப் போகிற மீன், வெட்டித் தள்ளிய கழிவு எல்லாம் அவர் கண் முன்னால் எடை ஏறித்தான் போக வேண்டும். தராசுக்காரர் என்றால்தான் அவரை எல்லாருக்கும் தெரியும்.

"முப்பத்தெட்டு கிலோ இருநூறு," என்றார் அவர், நோட்டில் எழுதிக்கொண்டே. "அந்த இருநூறை எங்கே கொண்டுபோய் வைக்கச் சொல்றே? என் சட்டைப் பையிலயா?"

மேடையில் இருந்தது கேண்டீனின் எச்சில் டிரம். முப்பத்தெட்டில் இருநூறு போனால் என்ன வந்துவிடப் போகிறது? அது அக்காவுக்கும் தெரியும். ஆத்திரம், கேட்டுவிட்டாள்.

ஆத்திரம் வராமல் என்ன செய்யும்? அன்று காலைதான் புது மேனேஜர் மேடம் சமையலறைக்கே வந்து, அடுப்புப் பக்கத்தில் நின்று சொல்லிவிட்டுப் போயிருந்தாள். "அக்கா, தினமும் நாப்பது பேர் சாப்பாடு சாக்கடைக்குப் போகுது. என்னால பார்த்துக்கிட்டு இருக்க முடியாது. வர்ற சனிக்கிழமைக்குள்ள ஒரு நாளாவது எச்சில் டிரம் பத்து கிலோவுக்குக் கீழே வரணும். வரலைன்னா கேண்டீனை மூடிட்டு வெளியிலேர்ந்து டப்பா சாப்பாடு வாங்கிடுவேன்."

டப்பா சாப்பாடு! இருபத்திரண்டு வருஷமாக நூற்று நாற்பது பேருக்குச் சுடச்சுட ஆக்கிப் போட்ட கை அது. அந்தப் பெரிய அடுப்பைப் பற்றவைக்கும் சத்தத்தில்தான் அக்காவுக்குப் பொழுதே விடியும். அதை அணைத்துவிட்டு வீட்டில் உட்கார் என்றால் அவள் என்ன செய்வாள், சுவரையா பார்த்துக்கொண்டிருப்பாள்? மேடம் சொன்னது நியாயமாகவும் இருந்து தொலைத்தது. அதுதான் வயிற்றெரிச்சலை இன்னும் கூட்டியது.

செவ்வாய்க்கிழமை அக்கா சோற்றின் அளவைக் குறைத்தாள். அண்டாவில் மிஞ்சி வழிந்துகொண்டிருந்த சோறு நின்றது. டிரம் முப்பத்தொன்றுக்கு இறங்கியது. அதோடு சரி, தலைகீழாக நின்றாலும் அதற்குக் கீழே இறங்க மாட்டேன் என்றது.

புதன்கிழமை, எல்லாருக்கும் பரிமாறி முடித்ததும், அக்கா கரண்டியைக் கீழே வைத்துவிட்டுச் சாப்பாட்டு மேஜைகளுக்கு நடுவே வந்து நின்றாள். இத்தனை வருஷத்தில் அவள் பரிமாறியிருக்கிறாள், அதட்டியிருக்கிறாள், போதுமா என்று கேட்டிருக்கிறாள். சாப்பிடுகிறவர்களின் கையை மட்டும் பார்த்ததே இல்லை. அன்று பார்த்தாள்.

அவளுக்கு நேர் எதிரே உட்கார்ந்திருந்தவள் மின்னல். வெட்டு மேஜையின் முதல் ஆள். ஒரு மீனைக் கையில் எடுத்து நீங்கள் கண்ணைச் சிமிட்டுவதற்குள் சதை வேறு எலும்பு வேறாகப் போட்டுவிடுவாள், அதனால் அந்தப் பட்டம். மின்னல் பக்கத்தில் இருந்தவளிடம் ஏதோ கதை பேசிக்கொண்டே தட்டிலிருந்த பொரித்த மீனைத் திருப்பினாள். கட்டை விரலால் தலையை ஒரு கிள்ளு. தலை தட்டோரம் போனது. வயிற்றுப் பக்கத்துக் கொழுப்புச் சதை போனது. முதுகில் ஒரு வருடு, இரண்டு பக்கமும் சதை கழன்று வந்தது. அதோடு விட்டாளா? அந்தச் சதையின் நடுவே ஓடும் கறுஞ்சிவப்புப் பட்டையையும் நகத்தால் கீறி எடுத்து ஓரத்தில் தள்ளிவிட்டு, மிச்சமிருந்த வெள்ளைத் துண்டு இரண்டை மட்டும் வாயில் போட்டுக்கொண்டாள்.

அடிப்பாவி! கப்பலேற்றுகிற மீனுக்குச் செய்கிற வேலையைத் தன் சாப்பாட்டுக்கும் செய்துகொண்டிருக்கிறாளே!

அக்கா அடுத்த தட்டைப் பார்த்தாள். அங்கேயும் அதே. அதற்கடுத்த தட்டிலும் அதே தலை, அதே வயிறு, அதே பட்டை, ஒன்றுபோல அடுக்கி வைத்திருந்தது. மீனில் பாதிக்கு மேல் அப்படியே கிடந்தது. அவ்வளவும் ருசியான பாதி!

"ஏண்டி மின்னல், என்னடி பண்ணி வெச்சிருக்கே?"

மின்னல் குனிந்து தன் தட்டைப் பார்த்தாள். யாரோ வந்து செய்துவிட்டுப் போனதைப் போல விழித்தாள். "ஐயோ அக்கா, நானா இது? சத்தியமா எனக்குத் தெரியாது. காலையிலேர்ந்து ஆயிரம் மீன் அறுத்த கை, அது பாட்டுக்குப் பண்ணிடுச்சு!"

"வீட்டுலயும் இப்படித்தானா?"

"அதனாலதானே என் மாமியார் என்னோட ஒரே மேஜையில உட்கார மாட்டேங்கிறாங்க!"

மேஜையே சிரித்தது. அக்காவும் சிரித்துவிட்டாள், வேறென்ன செய்ய.

வியாழக்கிழமை கரண்டியும் கையுமாக மேஜை மேஜையாகச் சுற்றினாள். "தலை! தலையைத் தின்னுங்கடி! ஏய், அந்தப் பட்டையைத் தொட்டே, கையை ஒடிச்சுடுவேன்!" அவள் பார்க்கிற வரைக்கும் எல்லாரும் சமத்தாகச் சாப்பிட்டார்கள். முகத்தைத் திருப்பினால் போதும், கைகள் தம் வேலையைத் தொடங்கிவிடும். டிரம் இருபத்தொன்பது. தராசுக்காரர் அதைச் சத்தமாகப் படித்துச் சொன்னார். அன்று ராத்திரி வீட்டில் அவருக்குக் கிடைத்தது சோறு மட்டும், பேச்சு கிடைக்கவில்லை.

வெள்ளிக்கிழமை காலை அக்கா வெட்டு மேஜைக்கே போனாள். பெட்டி பெட்டியாகப் பெரிய மீன் வந்து கொட்டியது. அதோடு கலந்து, விரல் நீளத்தில் வெள்ளி வெள்ளியாகக் குட்டி மீன்களும் விழுந்தன. வலையில் தப்பித் தவறி மாட்டிக்கொண்ட அற்ப ஜீவன்கள். ஒருத்தி அவற்றை வாரி வாரிக் கழிவுத் தொட்டியில் வீசிக்கொண்டிருந்தாள். உரத்துக்கு அரைக்கிறவர்களின் லாரி வந்து அள்ளிக்கொண்டு போகும்.

"இதை ஏன் அறுக்கலை?" என்று கேட்டாள் அக்கா.

"இதைப் போய் எங்கே அக்கா அறுக்கறது? கத்தி வைக்க இடம் வேண்டாமா?"

கத்தி வைக்க இடமில்லை! அக்கா அதே வேகத்தில் மேனேஜர் அறைக்குப் போய் நின்றாள், மூச்சு வாங்கியது. "மேடம், அந்தக் குட்டி மீனை எனக்குக் குடுங்க. ஐஸ்ல வந்தது, பெரிய மீனோட கூடவே வந்தது, ஒரு குறையும் இல்லை. தொட்டியில விழறதுக்கு முன்னாடி நான் எடுத்துக்கறேன்."

மேடம் யோசித்தாள். "அதை யாரு சாப்பிடுவா?"

"அந்தக் கவலை என்னோடது."

"சரி, எடை போட்டு எடுத்துக்கோங்க."

எடை போடாமல் விடுகிற ஆளா அங்கே நிற்கிறார்! பதினாலு கிலோ நானூறு என்று எழுதி, மனைவியிடமே கையெழுத்து வாங்கிக்கொண்டார் தராசுக்காரர். மீன் ராத்திரி முழுக்க ஐஸில் இருந்தது.

சனிக்கிழமை விடியுமுன்னே அக்கா கிளம்பிவிட்டாள். அத்தனை மீனையும் கழுவி, குடல் கிள்ளி, உப்பும் மிளகாயும் பிசறி வைக்க வேண்டும். அந்த அவசரத்தில் வீட்டுக்காரருக்கு டிபன் பாக்ஸ் கட்ட மறந்தே போனாள். அவர் கேண்டீனில் சாப்பிடுகிறவர் இல்லை. பகல் முழுக்க மீனை எடைபோட்டு எடைபோட்டு மீன் என்றாலே அவருக்குக் குமட்டும். கல்யாணமான நாளிலிருந்து வீட்டில் அவருக்குத் தனிக் குழம்பு.

மதியம் மணி அடித்தது. முறுகப் பொரிந்த குட்டி மீன் தட்டுக்கு ஆறு ஏழு விழுந்தது. மின்னல் ஒன்றை எடுத்தாள். கட்டை விரல் தலையைத் தேடியது. மீன் கையோடு நொறுங்கியது. இன்னொன்றை எடுத்துத் திருப்பினாள், வருடினாள், எதுவும் கழலவில்லை. பேந்தப் பேந்த விழித்துவிட்டு அப்படியே முழுசாக வாயில் போட்டாள். கறுக் மொறுக்!

"அக்கா!" என்று கத்தினாள். "இன்னும் ரெண்டு போடுங்க!"

அப்புறம் என்ன, மேஜைக்கு மேஜை அந்தச் சத்தம்தான். மீன் ருசியில் சோறும் போன இடம் தெரியவில்லை.

சாப்பாடு முடிந்ததும் டிரம்மை மேடையில் ஏற்றினார்கள். வேலைக்குத் திரும்ப வேண்டியவர்கள் ஒருத்தர்கூட நகரவில்லை. மேடமும் வந்து நின்றாள். சிவப்பு எண்கள் ஓடி ஓடி நின்றன.

"ஒன்பது கிலோ தொள்ளாயிரத்து அறுபது!" என்றார் தராசுக்காரர்.

கூரை பிய்த்துக்கொள்ளும் அளவுக்குக் கூச்சல். மின்னல் அக்காவைக் கட்டிப்பிடித்துச் சுற்றினாள். மேடம் சிரித்துக்கொண்டே பேனாவைத் திறந்தாள்.

"கொஞ்சம் இருங்க மேடம்," என்றார் தராசுக்காரர். "ஒரு தட்டு பாக்கி இருக்கு."

"யாருது?"

"என்னுது."

தராசு மேடைக்குப் பின்னாலிருந்த தன் அறைக்குள் போய் எடுத்துவந்தார். டிபன் பாக்ஸ் இல்லாததால் அன்று அவரும் கேண்டீன் வரிசையில் நின்றிருக்கிறார். சோற்றைச் சாப்பிட்டுவிட்டார். ஆறு மீனும் தொடாமல் அப்படியே இருந்தன. ஆறு மீன் அறுபது கிராமுக்குக் குறையாது என்பது அங்கே நின்ற அத்தனை பேருக்கும் தெரியும். எடைபோட்டே பிழைக்கிற கூட்டம் அல்லவா!

"அடப் போங்கண்ணே!" என்று அலறினாள் மின்னல். "அந்தத் தட்டை யாரு கேட்டா இப்போ?"

எல்லார் முகத்திலும் ஈயாடவில்லை. அக்கா அவரையே பார்த்தாள். வாரம் முழுக்க அவர்மேல் இருந்த கோபம் எங்கே போனதென்று தெரியவில்லை. தட்டை ஒளித்திருந்தால் யாருக்கும் தெரிந்திருக்காது. இந்த மனுஷனால் அது முடியாது. முடியாது என்பதால்தானே இவரை நம்பி இத்தனை வருஷம் குடும்பம் நடத்தினோம் என்று தோன்றியது.

"கொட்டிடுங்க," என்றாள். "உங்களுக்குத்தான் ஒத்துக்காதே. பரவாயில்லை, நான் பார்த்துக்கறேன்."

தராசுக்காரர் டிரம்மைப் பார்த்தார். எண்ணைப் பார்த்தார். மனைவியைப் பார்த்தார். ஒரு மீனை வாலைப் பிடித்துத் தூக்கி, கண்ணை இறுக மூடிக்கொண்டு, தலையோடு வாயில் போட்டார்.

கறுக்.

இரண்டாவதையும் கண்ணை மூடியபடிதான் சாப்பிட்டார். மூன்றாவதில் ஒரு கண் திறந்தது. நாலாவதை மெதுவாக மென்றார். ஐந்தாவதும் ஆறாவதும் போனது எப்போதென்று அவருக்கே தெரிந்திருக்காது. வெறும் தட்டை டிரம்மின் மேல் கவிழ்த்து இரண்டு தட்டுத் தட்டினார். எண் அசையவில்லை.

"ஒன்பது தொள்ளாயிரத்து அறுபது. எழுதிக்கோங்க மேடம்."

மேடம் எழுதிக் கையெழுத்துப் போட்டாள். மறுபடியும் கூச்சல் கிளம்பியது. அந்தச் சத்தத்துக்கு நடுவே தராசுக்காரர் மனைவி பக்கம் குனிந்து, விரலை நக்கியபடி, வேறு யார் காதிலும் விழாமல் கேட்டார்.

"ஏம்மா, இன்னும் ரெண்டு இருக்குமா?"

அக்கா சிரித்தாள். கண்ணிலிருந்து தண்ணீர் வழிய வழியச் சிரித்தாள்.

"ஒண்ணுகூட இல்லைங்க. எல்லாம் தீர்ந்து போச்சு."