வால்நட் பலகை விலைக்கு ஒரு கேக்

இப்போதெல்லாம் ஒருத்தருக்கு ஒரு தட்டு பீன்ஸ் கொடுத்தால்கூடப் படம் பிடித்துப் போடுகிறார்கள். கொடுத்தவன் பல் தெரிய வேண்டும், வாங்கியவள் கண்ணீர் தெரிய வேண்டும், பின்னால் தீயணைப்பு வண்டி பளபளக்க வேண்டும். ஓர்பின் ஸ்டிடமுக்கு அந்தப் படத்தைப் பார்த்தாலே எரிச்சல் வந்தது. கதவளவு அட்டைச் செக்கைப் பிடித்துக்கொண்டு பேத்தி ட்ரெஸ்ஸா நிற்கிறாள். பக்கத்தில் தீயணைப்புப் படைத் தலைவன் டென்வர் ஸ்லோன், தானே படிக்கப் போகிறவன் மாதிரி இளிக்கிறான். ஓரத்தில் பாதித் தொப்பியும் ஒரு காதும். அது ஓர்பின்.

ட்ரெஸ்ஸாவுக்கு மலைக்கு அந்தப் பக்கம் இருக்கும் கல்லூரியில் நர்ஸ் படிப்புக்கு இடம் கிடைத்திருந்தது. அரசாங்க உதவி கொஞ்சம், கல்லூரியே கட்டணத்தில் தள்ளிக் கொடுத்தது நிறைய, அவள் பேரில் கடன் கொஞ்சம். எல்லாம் போக, வருஷத்துக்கு ஆறாயிரம் டாலர் துண்டு விழுந்தது. அவளுடைய அம்மா லொரீன் பெற்றோர் கடனுக்கு மனுப் போட்டாள். செத்துப்போன புருஷனின் ஆஸ்பத்திரி பாக்கி இன்னும் அவள் பேரில் நின்றதால் முடியாது என்றார்கள். வங்கியில் கேட்டால், உறவில் யாராவது கூடக் கையெழுத்துப் போட வேண்டும் என்றார்கள். லொரீன் அப்பாவின் முகத்தைப் பார்த்தாள்.

"என் ரத்தத்தைக் கேளு, தரேன். கையெழுத்து மட்டும் கேக்காத" என்றார் ஓர்பின்.

அவளுக்குக் காரணம் தெரியும். அந்தப் பள்ளத்தாக்கில் எல்லாருக்குமே தெரியும். ஓர்பினின் அப்பா எப்போதோ நிலக்கரிக் கம்பெனியின் காகிதத்தில் கையெழுத்தாக ஒரு கீறல் போட்டுக் கொடுத்தார். மேலே இருக்கும் நிலம் உனக்கு, கீழே இருக்கும் கரி மட்டும் எங்களுக்கு என்று சொல்லித்தான் வாங்கிப் போனார்கள். பிறகு ஒருநாள் இயந்திரங்கள் வந்து, மேலே இருந்ததை வழித்துத் தள்ளிவிட்டுக் கீழே இருந்ததை எடுத்துக்கொண்டு போயின. வீட்டுக்குப் பின்னால் இருந்த மலையில் இப்போது புல்கூடச் சரியாக முளைப்பதில்லை.

ஆகவே தீயணைப்புக் கொட்டகையில் விருந்து என்று முடிவாயிற்று. அங்கே யாருக்குக் கஷ்டம் வந்தாலும் அதுதான் வழக்கம். பீன்ஸும் சோளரொட்டியும் போடுவார்கள், பிறகு கேக் ஏலம். கேக்கை எடுத்தவன் பணத்தைக் கட்டிவிட்டு, அதே கேக்கைத் திரும்ப மேசையில் வைத்துவிடுவான். இன்னொருத்தன் எடுப்பான். ஒரு தேங்காய் கேக் அன்று அப்படியே ஊரைச் சுற்றி வந்து, ஓரமெல்லாம் விரல் பட்டு, கடைசியில் பாதிரியார் தலையில் விழுந்தது.

கடைசியாக லொரீன் செய்த காய்ந்த ஆப்பிள் அடுக்கு கேக் வந்தது. அப்போது கணக்குப் பார்த்தால் இன்னும் ஆயிரத்து நானூறு குறைந்தது. ஊரின் பை காலியாகிவிட்டதை டென்வரின் குரலிலேயே கேட்க முடிந்தது.

"இருபதுன்னு யாராச்சும் சொல்லுங்கப்பா. லொரீன் கை பட்ட கேக்கு!"

"ஆயிரத்து நானூறு" என்றார் ஓர்பின்.

எல்லாத் தலைகளும் அவர் பக்கம் திரும்பின.

"அண்ணே, விளையாடாதீங்க" என்றான் டென்வர்.

"எனக்கு விளையாடற வயசாடா? காசை எண்ணு."

லெக்சிங்டன் நகரத்திலிருந்து, மேசை செய்து விற்கிற ஒருத்தன் வந்துபோன கதை அப்புறம்தான் வெளியே வந்தது. கொட்டிலின் மச்சில் ஓர்பின் வால்நட் மரப் பலகைகளை உலர வைத்திருந்தார். மலையை வழிப்பதற்கு முன்பு அதில் நின்ற கடைசி மரம். தன் சவப்பெட்டிக்கு என்று அறுத்து வைத்தது. அதைத்தான் விற்றுவிட்டார்.

"அப்போ உங்களை எதுல வச்சுப் புதைக்கிறது அண்ணே?"

"இந்தக் கேக் டப்பாவுல வை. மடக்கி வச்சா கொள்ளும்."

எல்லாரும் சிரித்தார்கள். லொரீன் மட்டும் சமையல் பக்கம் போய்விட்டாள்.

பணத்தை உறையில் போட்டு ட்ரெஸ்ஸா கையில் கொடுப்போம் என்றான் டென்வர். ஓர்பின்தான் குறுக்கே விழுந்தார்.

"யார் கையிலும் வேணாம். உன் கையிலும் வேணாம்."

"என்னையே சந்தேகப்படறீங்களா?"

"ஆமா. என் மக மேலயும்தான். கரண்டுக்காரன் வந்து நின்னா அவ என்ன செய்வா? நேரா காலேஜ் பேருக்கு எழுது. இவ பேரைப் போட்டு, உதவித்தொகைன்னு தெளிவா எழுது. நாளைக்கு எவனும் நான் வாங்கலன்னு சொல்லக் கூடாது."

அப்படியே எழுதி அனுப்பினார்கள். அதற்குப் பிறகும் கல்லூரியின் இணையப் பக்கத்தில் அதே ஆறாயிரம் பாக்கி நின்றது. செக் இன்னும் வரவு வைக்கவில்லை போலிருக்கிறது என்று ட்ரெஸ்ஸா நினைத்துக்கொண்டாள். மேட்டில் ஏறினால்தான் அவள் போனுக்குச் சிக்னல் கிடைக்கும். அங்கே நின்றுகொண்டு யாரைக் கேட்பது?

ஆகஸ்டில், விடுதியில் சேரும் நாளன்று, ஓர்பின் அவளை லாரியில் ஏற்றிக்கொண்டு போனார். பின்னால் மெத்தை விரிப்பு, துணிப் பெட்டி, லொரீன் கடைத் தள்ளுபடியில் வாங்கிய சின்னக் குளிர்பெட்டி, எல்லாவற்றுக்கும் மேலே ஒரு கயிறு. வழி நெடுக ட்ரெஸ்ஸா பேசிக்கொண்டே வந்தாள். சாவி கொடுக்கும் மேசையில் அவள் பேரைத் தட்டிப் பார்த்த பெண், "பணத்துல ஒரு தடை இருக்கு, நிதி உதவி அலுவலகத்துக்குப் போயிட்டு வாங்க" என்றாள்.

உதவி அலுவலகத்தில் விட்லாக் என்று ஓர் இளைஞன். மரியாதையானவன். எழுந்து கைகொடுத்தான். அதுவே ஓர்பினுக்குப் பிடிக்கவில்லை.

"செக் வந்திருக்கு ஐயா. தீயணைப்புப் படைக்கு நாங்க நன்றிக் கடிதம்கூட அனுப்பினோம்."

"அப்புறம் என்ன பாக்கி?"

"வெளியிலேர்ந்து உதவித்தொகை வந்தா, அந்த அளவுக்கு நாங்க கொடுக்கறதுல குறைச்சுப்போம். அது எங்க விதி."

ஓர்பின் விரலை மடக்கிக் கணக்குப் போட்டார்.

"அப்போ நாங்க ஆறாயிரம் கொடுத்தோம். நீ ஆறாயிரம் எடுத்துக்கிட்ட."

"எடுத்துக்கல ஐயா. இன்னொரு கஷ்டப்படற பிள்ளைக்குப் போயிருக்கு."

"இவ கஷ்டம் தீந்துடுச்சா?"

விட்லாக் திரையைப் பார்த்தான்.

"அந்தக் காசை இவ கையில கொடுத்திருந்தா என்ன ஆயிருக்கும் சார்?" என்று ட்ரெஸ்ஸா மெல்லக் கேட்டாள். தாத்தாவின் பக்கம் திரும்பவில்லை. தன்னையே 'இவ' என்று சொன்னதையும் கவனிக்கவில்லை.

அவன் தயங்கினான். "சொந்தக்காரங்க, ஊர்க்காரங்க கையில கொடுக்கறது அன்பளிப்பு. அது எங்க கணக்குல வராது. இது உதவித்தொகைன்னு எங்க பேருக்கே வந்துடுச்சு."

"திருப்பிக் கொடு. நாங்க கையில கொடுக்கறோம்" என்றார் ஓர்பின்.

"திருப்பினாலும் நாங்க குறைச்சது திரும்பி வராது ஐயா. இந்த வருஷத்துக்கு அந்த நிதி தீந்துபோச்சு."

ஓர்பின் தொப்பியைக் கழற்றி உள்ளே பார்த்தார், திரும்பப் போட்டுக்கொண்டார்.

"மேல்முறையீடுன்னு ஒண்ணு இருக்கு. குழு கூடிப் பார்க்கும். பத்துப் பேர் கேட்டா ஒருத்தருக்கு ஏதோ கொஞ்சம் கிடைக்கும். இல்லன்னா யாராவது கூடக் கையெழுத்துப் போட்டா, வங்கிக் கடன் இன்னிக்கே பதிவு பண்ணலாம். சாவி கிடைச்சுடும்." விட்லாக் இரண்டு காகிதங்களை மேசையில் வைத்து, பேனாவைக் கிழவர் பக்கம் தள்ளினான்.

ட்ரெஸ்ஸா பேனாவைப் பார்த்தாள். ஓர்பினும் பார்த்தார். வெளியே யாரோ ஓர் அப்பன் மெத்தையைத் தலையில் வைத்துக்கொண்டு சிரித்தபடி போனான்.

"தாத்தா."

"எங்கப்பன்கிட்டயும் இப்படித்தான் மரியாதையாப் பேசினாங்க" என்றார்.

"தெரியும் தாத்தா."

"கையில கொடுத்திருந்தாலும் வேற ஒரு விதி வச்சிருப்பாங்க."

அவள் மேல்முறையீட்டுக் காகிதத்தை இழுத்துத் தன் பேரை எழுத ஆரம்பித்தாள். கடன் காகிதம் அப்படியே கிடந்தது.

"குழு எப்போ கூடும்?" என்று அவள் கேட்டது அவர் எழுந்த பிறகு காதில் விழுந்தது.

"செப்டம்பர் கடைசி" என்றான் விட்லாக்.

"அதுக்குள்ள வகுப்பு..."

ஓர்பின் நிற்கவில்லை. கதவைத் தள்ளிக்கொண்டு வெயிலில் இறங்கினார். புல்வெளியில் ஒரு பெண் யாரையோ வரவேற்று இவர் கையிலும் எலுமிச்சைச் சாறு திணிக்கப் பார்த்தாள். "எனக்கு எதுவும் வேணாம், எதுலயும் கையெழுத்துப் போட மாட்டேன்" என்று சொல்லிவிட்டு அவர் லாரிக்கு நடந்தார். பின்பக்கம் போய், எதையும் இறக்காமல், வழியில் தளர்ந்திருந்த கயிற்றைக் குளிர்பெட்டியின் மேல் இன்னொரு சுற்றுச் சுற்றி இறுக்கிக் கட்டினார்.