நாற்பத்தொரு படங்களும் ஒரு சாவு வீடும்

திண்டிவனத்தில் எங்கள் ஷேர் ஆட்டோ ஸ்டாண்டில் ஒரு கரும்பலகை உண்டு. பிறந்தநாள் வாழ்த்து, கண்ணீர் அஞ்சலி எல்லாம் அதில்தான் எழுதுவார்கள். டிசம்பர் முப்பத்தொன்று மட்டும் பலகை என்னுடையது. அந்த வருஷத்தின் சிறந்த பத்துப் படங்களை சாக்பீஸில் எழுதி வைப்பேன். மாசிலாமணி பட்டியல் வந்தால் டீக்கடையில் இரண்டு நாள் சண்டை நடக்கும். நடக்காவிட்டால் எனக்குச் சோறு இறங்காது.

இந்த வருஷம் நாற்பத்தொரு படம் பார்த்தேன். வெறியனுக்கே இது கொஞ்சம் அதிகம். காரணத்தைச் சொல்ல ஜனவரிக்குப் போக வேண்டும்.

பொங்கல் ரிலீஸ் அன்று நான் விழுப்புரத்தில் முதல் காட்சிக்குக் கலர் பேப்பர் வாரி இறைத்துக்கொண்டிருந்தேன். அதே காலையில் எங்கள் ஊர் கிளியனூரில், என் வீட்டுக்குப் பின்னாலிருக்கும் களத்தில், ஒரு சினிமா யூனிட் வந்து இறங்கியிருக்கிறது. சாவு வீட்டுக் காட்சி. பிணத்தைச் சுற்றி அழப் பெண்கள் வேண்டும் என்று தெருவில் கூப்பிட்டிருக்கிறார்கள். என் மனைவி வேணியும் போயிருக்கிறாள். ஆறு வயதிலிருந்து திரையைப் பார்த்துக் கும்பிடுகிறவன் நான். சினிமாவே என் வீட்டைத் தேடி வந்த அன்றைக்கு நான் ஊரில் இல்லை!

சாயங்காலம் தெருப் பெண்கள் என்னைச் சூழ்ந்துகொண்டார்கள். “ஒன் பொண்டாட்டி அழுத அழுவைல கேமராக்காரரே கண்ணத் தொடச்சிக்கினாரு மாசி!”

நான் நம்பவில்லை. கல்யாணமாகி இருபது வருஷத்தில் வேணி அழுது நான் பார்த்ததே கிடையாது. அவள் அப்பா செத்தபோதுகூட வந்தவர்களுக்குத் தண்ணீர் மொண்டு கொடுத்துக்கொண்டிருந்தாள். அவளா அழுதாள்? அதைப் பார்த்தே ஆக வேண்டும் என்று எனக்குப் பிடித்துக்கொண்டது.

“படம் பேரு இன்னா?” என்று கேட்டேன்.

“யாருக்குத் தெரியும்? வேன்ல புரொடக்‌ஷன் நம்பர் மூணுன்னு ஒட்டியிருந்தாங்க” என்றாள் வேணி.

ஹீரோ யார் என்றும் தெரியாது. பிணமாகப் படுத்திருந்த பெரியவரை யாருக்கும் அடையாளம் தெரியவில்லை. அப்படியானால் ஒரே வழிதான். வருகிற படத்தையெல்லாம் பார்ப்பது.

பார்த்தேன். மற்றவர்கள் ஹீரோயின் எப்போது வருவாள் என்று காத்திருக்க, நான் பிணம் எப்போது விழும் என்று காத்திருந்தேன். தமிழ் சினிமாவில் ஒரு வருஷத்தில் இத்தனை சாவு விழுகிறதென்று அதற்கு முன் எனக்குத் தெரியாது. இருபத்திரண்டு சாவு வீடு பார்த்தேன். பாதிக்கு மேல் ஹீரோவின் அப்பாக்கள். மூன்று நண்பர்கள், இடைவேளைக்குச் சரியாக ஐந்து நிமிஷம் முன்பு. ஒரு பேய்ப் படத்தில் செத்த கிழவியே எழுந்து தன் பாடையைத் தூக்கினாள், பக்கத்து சீட்டுக்காரர் பாப்கார்னைக் கொட்டிவிட்டார்.

கிண்டல் செய்கிறேனே தவிர, சினிமா மேல் எனக்கிருக்கும் பிரமிப்பு ஒரு துளி குறைந்ததில்லை. விளக்கு அணையும். தூசி மிதக்கும் ஒரு வெளிச்சம் தலைக்கு மேலே போகும். மூன்று மாடி உயரத்துக்கு ஒரு மனித முகம் எழுந்து நிற்கும். அந்த உயரத்துக்கு வேணியின் முகமும் எழுந்திருக்கக்கூடும், இல்லை வெட்டிக் குப்பையில் போட்டிருக்கக்கூடும் என்று நினைத்துக்கொண்டே அடுத்த படத்துக்கு டிக்கெட் எடுப்பேன். எங்கள் ஸ்டாண்டு அலெக்ஸ் ஓடிடி முழுக்கத் தேடிப் பார்த்துவிட்டு, “எடிட்டிங்ல போயிருக்கும்ணே, உட்டுடு” என்றான். நான் விடவில்லை.

டிசம்பரில் ஒரு வெள்ளிக்கிழமை, திண்டிவனத்தில் பதினொரு மணிக் காட்சி. யாரும் கேள்விப்படாத சின்னப் படம். உள்ளே என்னையும் சேர்த்து ஏழு பேர். படம் தொடங்கிப் பத்து நிமிஷத்தில் ஒரு பஸ் புழுதியைக் கிளப்பிக்கொண்டு வந்து நின்றது. அதன் பின்னால் எங்கள் ஊர்த் தண்ணீர்த் தொட்டி! சாயம் போன நீலத்தில், எங்கள் தெருப் பையன்கள் கிறுக்கிய எழுத்தோடு.

அடுத்தது சாவு வீடுதான் என்று புரிந்ததும் எழுந்து வெளியே வந்துவிட்டேன். எவ்வளவு மொக்கைப் படமாக இருந்தாலும் ஒரு நாளும் பாதியில் எழுந்தவனில்லை. ஆனால் அந்த முகத்தை அவள் இல்லாமல் நான் மட்டும் பார்க்க மனசு வரவில்லை.

கவுன்ட்டரில் கேட்டேன். “ஏழு பேருக்கு எவ்ளோ நாளைக்கு ஓட்றது? ரெண்டரை ஷோதான் கடைசி. சாயங்காலம் வேற படம்” என்றார்கள்.

கிளியனூருக்கு வண்டியை விரட்டினேன். வேணி வாசலில் உட்கார்ந்து விதைக்கு வேர்க்கடலை, எங்கள் பேச்சில் மல்லாட்டை, உடைத்துக்கொண்டிருந்தாள்.

“எழுந்துரு. ஒன் படம் வந்துட்சி.”

அவள் தலை நிமிரவில்லை. “நாளைக்கு விதைக்கொட்டை குடுத்தாவணும். அரை மூட்டை கீது. நீ போய்ப் பாரு. வருஷம் பூரா நீதான பாத்துக்கினு கீற.”

“நான் பாக்கல. பாதியில வந்துட்டேன்.”

அப்போதுதான் நிமிர்ந்தாள். “நீயா? பாதியிலயா?”

நானும் பக்கத்தில் உட்கார்ந்து உடைத்தேன். விதைக்கொட்டை என்றால் பருப்பின் தோலில் கீறல் விழக்கூடாது. நான் உடைத்ததில் பாதியை அவள் பொறுக்கித் தனியே போட்டாள். ஒன்றரை மணிக்கு, “மிச்சத்த வந்து பாத்துக்கலாம்” என்று எழுந்து முகம் கழுவிக்கொண்டாள்.

இரண்டரைக் காட்சிக்கு நாங்கள் இருவரும் இன்னும் ஐந்து பேரும். வேணி தியேட்டருக்கு வந்து பத்து வருஷத்துக்கு மேல் இருக்கும். ஏசி குளிருக்கு முந்தானையைத் தலையில் போட்டுக்கொண்டாள். தண்ணீர்த் தொட்டி வந்தது. பறைச் சத்தம் வந்தது. பிணம், மாலை, முன்வரிசையில் மாரடிக்கும் பெண்கள். கேமரா அவர்களை ஒவ்வொருவராகத் தாண்டி, மூன்றாம் வரிசையின் இடது ஓரத்தில் போய் நின்றது. பறையும் நின்றது.

வேணி.

திரை முழுக்க வேணி. கஞ்சி கொட்டிச் சுட்ட கன்னத்துத் தழும்பு என் ஆட்டோ அளவுக்குத் தெரிந்தது. வாய் திறக்கவில்லை, ஒப்பாரி இல்லை, கண் மட்டும் நிரம்பி வழிந்துகொண்டிருந்தது. பதினொரு விநாடி. சிக்னலில் எண்ணி எண்ணிப் பழகியவன், என்னையறியாமல் எண்ணிவிட்டேன். இருபது வருஷம் கூடவே இருந்த முகம். அன்றுதான் பார்த்தேன். கை தானாகக் கூப்பிக்கொண்டது. பக்கத்தில் அவள் அசையாமல் உட்கார்ந்திருந்தாள்.

திரும்பும்போது ஆட்டோக் கண்ணாடியில் அவளைப் பார்த்துக்கொண்டே கேட்டேன். “இன்னா நெனச்சிக்கினு அப்பிடி அழுத?”

தலையிலிருந்த முந்தானையை இறக்கிவிட்டாள். பிறகு சொன்னாள். “கிளிசரின் முன்வரிசைக்குத்தான் குடுத்தாங்க. எங்கள, ஒங்க ஊட்ல செத்தவங்கள நெனச்சிக்கோங்கன்னாங்க. எங்கப்பன நெனச்சேன், வரல. அப்ப ரோட்டாண்ட வெடி வுட்டாங்க, பொங்கல் படத்துக்கு. புனிதா பொறந்த அன்னிக்கும் அதே மாதிரி ஆஸ்பத்திரி வெளிய வெடிச் சத்தம். ஆபரேஷன் பண்ணணும், புருஷன் எங்கன்னு கேட்டாங்க. நானே கையெழுத்துப் போட்டேன். நீ சாயங்காலம் வந்த. தலை பூரா கலர் பேப்பரு. வந்ததும் இன்னா சொன்ன, ஞாபகம் கீதா?”

ஞாபகம் இருந்தது. ‘படம் சூப்பர்’ என்று சொன்னேன். மகள் புனிதாவுக்குப் பதினெட்டு வயதாகிறது. இத்தனை வருஷத்தில் வேணி இதைப் பற்றி ஒரு வார்த்தை சொன்னதில்லை.

வண்டியை ஓரங்கட்டினேன். நான் தியேட்டரில் அழாத படம் கிடையாது. ஆனால் அவளுக்காக அழுதது அன்றைக்குத்தான். வெட்கமாக இருந்தது, அழுகையும் நிற்கவில்லை. அவள் முதுகில் ஒரு தட்டுத் தட்டினாள். “சரி, ஜல்தி எடு வண்டிய. கொட்டை கெடக்குது.”

முப்பத்தொன்றாம் தேதி பலகையில் ஒரே ஒரு வரி எழுதினேன். ‘மூன்றாம் வரிசை, இடது ஓரம், பச்சைப் புடவை. பதினொரு விநாடி.’

“மீதி ஒம்பது படம் எங்கண்ணே?” என்றான் அலெக்ஸ்.

“இந்த வருஷம் நான் பாத்தது அவ்ளோதான்டா.”

சாயங்காலம் சந்தைக்கு வந்த வேணி ஸ்டாண்டில் நின்று பலகையை எழுத்துக்கூட்டிப் படித்தாள். “அது பச்சை இல்ல, மயில்கழுத்து. ஒனக்கு எதத்தான் ஒழுங்காப் பாக்கத் தெரிஞ்சிது?” என்றாள்.

பச்சையை அழித்துவிட்டு மயில்கழுத்து என்று எழுதினேன்.