பெயர் வாசித்த கூட்டம்

பகல் பதினொரு மணிக்குத் தொழிற்சாலைச் சங்கு அலறியதும், மலையில் தேயிலைக் கொழுந்து பறித்துக்கொண்டிருந்தவர்கள் கையை நிறுத்தித் திரும்பிப் பார்த்தார்கள். நேரங்கெட்ட நேரத்தில் சங்கு ஊதினால் மண்சரிவு, இல்லையென்றால் யாருக்கோ ஆபத்து. சண்முகவடிவு கூடையோடு ஓடி வந்தாள். சனசமூக நிலையத்து வாசலில் வெள்ளை வேன் நின்றது. கடற்கரையில் கட்டப்போகும் அணுமின் நிலையம் பற்றித் தோட்டத்து மக்களின் கருத்தைக் கேட்கும் கூட்டம். நாளைக்கு என்று சொன்னதை இன்றைக்கே வைத்துவிட்டார்கள்.

"சங்கு ஊதிக் கூப்பிட்டீங்களே, கலியாணச் சாப்பாடுங்களா?" என்று கூட ஓடி வந்த வீரம்மா கேட்க, வேலையை மேற்பார்க்கும் கண்டாக்கு ஐயா சிரிக்காமல் உள்ளே போகச் சொன்னார்.

சண்முகவடிவுக்குப் பயம் போய்ச் சந்தோஷம் வந்தது. கொழும்பில் மின்சார அலுவலகத்தில் வேலை பார்க்கும் தங்கச்சி மகள் சுதர்ஷினி, போன வாரம் மூன்று சாயங்காலம் இங்கேயே படம் காட்டி விளக்கியிருந்தாள். புகை கிடையாது, கொஞ்ச எரிபொருளில் நிறையக் கரண்ட். ஆனால் மிஞ்சும் கழிவு ஆயிரக்கணக்கான வருடம் ஆபத்தானது. "நல்லது கெட்டது ரெண்டையும் சொல்லிட்டேன். கேக்க வேண்டியதக் கேட்டுட்டு நீங்களே முடிவு சொல்லுங்க." இந்த மலையில் யாரும் அவர்களிடம் அப்படிச் சொன்னதில்லை. சண்முகவடிவு பதினெட்டுப் பேரின் கேள்விகளைக் கொப்பித் தாளில் எழுதி, ரவிக்கைக்குள் மடித்து வைத்திருந்தாள். முதல் கேள்வி: அந்தக் கழிவை எங்கே புதைப்பீர்கள், எங்கள் மலையிலா?

வேனில் வந்த அதிகாரி சிங்களத்தில் கொஞ்சம் பேசினார். பிறகு பெயர்களை வாசிக்கத் தொடங்கினார். தினமும் வேலைக்கு ஆள் பிரிக்கும் காலைப் பெரட்டில் கண்டாக்கு பெயர் வாசிக்கும்போது கை தூக்கி "இருக்கேங்க" என்றால்தான் அன்றைய வேலை. பழகிய கைகள் ஒவ்வொன்றாக எழுந்தன.

"எறக்காதீங்க, எல்லார் பேரும் முடியட்டும்," என்றாள் படங்களோடு முன்னால் நின்ற சுதர்ஷினி.

கேமரா மின்னியது. "எல்லோருக்கும் சம்மதம்," என்று அதிகாரி பக்கத்திலிருந்தவரிடம் சிங்களத்தில் சொன்னது, கந்தப்பளைச் சந்தையில் முட்டைக்கோவா விற்றுச் சிங்களம் பழகிய சண்முகவடிவின் காதில் விழுந்தது.

"ஐயா, கேள்வி இருக்குங்க."

தாளை அவள் விரிப்பதற்குள் அதிகாரியோடு வேன் துரை பங்களாவுக்குத் தேநீர் குடிக்கக் கிளம்பிவிட்டது. சுதர்ஷினி மட்டும் படங்களைச் சுருட்டிக்கொண்டிருந்தாள்.

"நாங்க கை தூக்குனது பேருக்குத்தானேடி. பாவம், அந்த ஐயாவுக்கு நம்ம பெரட்டு வழக்கம் தெரியல. ஓடிப்போய் எடுத்துச் சொல்லு," என்றாள் சண்முகவடிவு.

சுதர்ஷினி சுருளில் ரப்பர் வளையத்தை இரண்டாவது சுற்றுச் சுற்றினாள்.

"பேர வாசிச்சா கை தூக்குவாங்கன்னு அவருக்குச் சொல்லிக்குடுத்ததே நான்தான், பெரியம்மா."