ஒரு சொடக்கு, ரெண்டு சொடக்கு

என் மகளப் பார்த்து அந்த ஆள் என்ன கேட்டான் தெரியுமா? "நாயக் கூப்பிடுறியா?"ன்னு கேட்டான். எஸ்டேட்டுக் கோயில் மண்டபம் நிறைய சனம் இருக்க, மைக்குல கேட்டான்.

பேரு யோகேந்திரன். செரம்பான் டவுன்ல டியூஷன் சென்டர், ரஹாங்ல பெரிய வீடு. ரந்தாவ் பக்கத்துத் தமிழ்ப்பள்ளிப் பிள்ளைங்களுக்கு இங்கிலீஷ் வாசிப்புப் போட்டி வெச்சான். முதல்ல வர்ற பிள்ளைக்கு அவன் சென்டர்ல ஒரு வருஷம் இலவச வகுப்பு. என் ஃபேக்டரி சம்பளத்துக்கு டியூஷனா? என் மக கவினா ஜெயிச்சாதான் உண்டு.

அவ வாத்தியார் சத்தியசீலன் சார் ஒண்ணாம் வகுப்புலயே சொல்லிக் கொடுத்தது, குறிலுக்கு ஒரு சொடக்கு, நெடிலுக்கு ரெண்டு. அதையே இவ இங்கிலீஷுக்கும் வெச்சுக்கிட்டா. 'ஷிப்'புக்கு ஒண்ணு, 'ஷீப்'புக்கு ரெண்டு. விரல் போடுறபடி வாய் வரும். வீட்டுல ஒரு வார்த்தை தப்பினதில்ல.

மேடையிலயும் அப்படித்தான். 'சிட்'னு எழுதின அட்டையக் காட்டினாங்க, ஒரு சொடக்கு. 'சீட்', ரெண்டு சொடக்கு. நேர் எதிர்ல உக்காந்திருந்த யோகேந்திரனுக்குப் பொசுக்குன்னு கோவம் வந்துருச்சு. பெரியவங்க முகத்துக்கு நேரா சொடக்குப் போடக்கூடாது, எனக்கும் தெரியும்லா. ஆனா ஒம்பது வயசுப் பிள்ளைய்யா அது! அவனயா பார்த்துச்சு? அட்டையத்தான பார்த்துச்சு!

"நாயக் கூப்பிடுறியா? எஸ்டேட் புத்தி! கையப் பின்னால கட்டு!"

கட்டுனா. அதோட போச்சு. அடுத்த அட்டை 'ஃபில்'. "ஃபீல்"ங்கறா, "ஃபில்"ங்கறா, திரும்பவும் "ஃபீல்"ங்கறா. கண்ணு என்னையே தேடுது. எனக்குப் பத்திக்கிட்டு வந்துச்சு. விறுவிறுன்னு மேடைக்கிட்ட போனேன்.

"சார், அவ உங்களப் பார்த்துப் போடல. சத்தம் குட்டையா நீட்டமான்னு அவ விரல்லதான் கணக்கு. கைய விடச் சொல்லுங்க."

"ரூல்ஸ்னா ரூல்ஸ், அக்கா,"ன்னு அடுத்த பிள்ளையக் கூப்பிட்டான்.

எந்த ரூல்ஸ்டா? அப்பதான் உன் வாயில முளைச்ச ரூல்ஸ்! கோயில் தலைவர் முருகையா பக்கத்துலயே உக்காந்திருந்தாரு. "ஏதாவது சொல்லுங்க தலைவரே,"ன்னேன். மனுஷன் குனிஞ்சு வேட்டியச் சரி பண்ணிக்கிட்டாரு. பரிசு கொடுக்கறவன் கோவிச்சுக்குவானாம். தூ!

பரிசு வேற பிள்ளைக்குப் போச்சு. போகட்டும், அந்தப் பிள்ளை மேல எனக்கு என்ன வருத்தம்.

வீட்டுக்கு வந்து மோட்டார் சைக்கிள நிறுத்திட்டுத் திரும்பிப் பார்க்கறேன், கவினா வாசல்ல அப்படியே நிக்கறா. கை பின்னால.

"அம்மா, நாளைக்கு சத்தியசீலன் சார்கிட்ட தமிழ் வாசிக்கறப்பவும் கையக் கட்டிக்கணுமா?"

"எவன் சொன்னது? போடுடி சொடக்கு! அவன் ரஹாங் வீடு வரைக்கும் கேக்கட்டும்!"

அவ அசையல. நானே அவ ரெண்டு கையையும் பிடிச்சு முன்னால இழுத்தேன். விட்டதும் திரும்பப் பின்னால போயிருச்சு.