தங்கபாயின் உதட்டுக் களிம்பு

ரெனிஷா பூதப்பாண்டிக்குப் போய்விட்டு வந்தாலே முகம் தெளிந்துவிடுகிறது. குலசேகரத்துக்குத் திரும்பி ஒரு வாரம் ஆவதற்குள் மறுபடியும் வாடிவிடுகிறது. இதை முதலில் கவனித்தது தங்கபாய்தான். கவனித்ததோடு விட்டிருந்தால் தேவலை. அதற்குக் காரணமும் தேட ஆரம்பித்துவிட்டாள். பூதப்பாண்டி ரெனிஷாவின் தாய்வீடு, குலசேகரம் தன்னுடைய வீடு. அங்கே போனால் தெளிகிறாள், இங்கே வந்தால் வாடுகிறாள் என்றால் குற்றம் யாரிடம் என்று கண்டுபிடிக்கப் பெரிய படிப்பு எதுவும் வேண்டாம்.

ரெனிஷா அவளுடைய மருமகள். கல்யாணம் முடிந்து ஐந்தாறு மாதம்தான் ஆகிறது. மகன் ஜெபிஷ் லீவு முடிந்து மஸ்கட்டுக்குப் போனபிறகு, ரப்பர் மரங்களுக்கு நடுவில் இருக்கிற அந்த வீட்டில் மாமியாரும் மருமகளும் மட்டும்தான். நிச்சயதார்த்தத்தன்று அந்தப் பிள்ளை சிரித்த சிரிப்பு தங்கபாய்க்கு இன்னும் காதில் கேட்கிறது. ஜெபம் செய்த பெரியவர் மாப்பிள்ளையின் பெயரை மாற்றிச் சொல்லிவிட்டார். எல்லாரும் தலையைக் குனிந்து அடக்கிக்கொண்டிருக்க, இவள் மட்டும் வாய்விட்டுச் சிரித்துவிட்டாள். சொந்தக்காரப் பெண்கள் முகத்தைச் சுளித்தார்கள். தங்கபாய்க்கோ அந்த நிமிஷமே பிடித்துப்போயிற்று. கணவர் காலமானபிறகு சத்தமே இல்லாமல் கிடந்த வீட்டுக்கு இப்படி ஒருத்திதான் வேண்டும் என்று நினைத்தாள்.

வந்தவள் சிரிக்கவே இல்லை. சிரிப்பு வருகிற நேரத்தில் சட்டென்று கையால் வாயைப் பொத்திக்கொள்வாள். சாப்பிடும்போது வாயைப் பாதிதான் திறப்பாள். என்ன என்று கேட்டால் "ஒண்ணும் இல்ல மாமி" என்பாள். உதடு காய்ந்து வெடித்து, ஓரங்களில் தோல் உரிந்து கிடப்பது தங்கபாயின் கண்ணில் படாமல் இல்லை. ஆனால் உதடு வெடிப்பதெல்லாம் ஒரு வியாதியா? அதற்கு அவளிடம் கைவசம் மருந்தே இருந்தது.

அது அவளே காய்ச்சுகிற களிம்பு. வீட்டைச் சுற்றியுள்ள தோட்டத்தில் அவளுக்குத் தேன்பெட்டிகள் உண்டு. ரப்பர் தளிர்விடும் காலத்தில் தேன் எடுத்து முடித்ததும், மிஞ்சுகிற அடையை உருக்கி மெழுகாக்குவாள். அந்த மெழுகைத் தேங்காயெண்ணெயில் இளக்கி, இறக்கிவைத்து, கீரிப்பாறைப் பக்கத்து மலைக் கிராம்பின் எண்ணெயை விடுவாள். துளி எண்ணி விடுகிற பழக்கமெல்லாம் கிடையாது, அவளுக்குக் கை தாராளம். சின்னச் சின்ன டப்பிகளில் ஊற்றி ஆறவைத்து, சபையில் கேட்பவர்களுக்கெல்லாம் கொடுப்பாள். தேய்த்ததும் உதடு சுறுசுறுவென்று எரியும். அந்த எரிச்சலில்தான் அவளுக்குப் பெருமையே.

"எரியுதுண்ணா மருந்து பிடிக்குதுண்ணு அர்த்தம், கேட்டியா" என்பாள். எரியாத மருந்தை அவள் மருந்தென்றே சேர்த்துக்கொள்வதில்லை.

மருமகளுக்கென்று கிராம்பெண்ணெயை இன்னும் கொஞ்சம் கூட்டி, தனியாக ஒரு டப்பி காய்ச்சிக் கொடுத்திருந்தாள். காலையில் சாயா கொடுக்கும்போது "தேச்சியா மக்கா" என்று கேட்பாள். படுக்கப் போகும்போதும் கேட்பாள். "தேச்சேன் மாமி" என்று பதில் வரும். தேய்த்தும் ஏன் ஆறவில்லை? தேய்க்காமலே பொய் சொல்கிறாள், என் கை பட்டது இவளுக்குப் பிடிக்கவில்லை என்று தங்கபாய் முடிவு கட்டினாள். ஒருநாள் அவள் குளிக்கப் போன நேரம் பார்த்து டப்பியைத் திறந்தும் பார்த்தாள். பாதிக்குமேல் காலியாகியிருந்தது. அதற்கும் ஒரு விளக்கம் கிடைத்தது. வழித்து வெளியே எறிகிறாள்.

பக்கத்து வீட்டு நேசபாய் சபைக் காரியம் எதற்கும் கூடவே வருகிற சிநேகிதி. நல்ல மனசுதான், ஆனால் ஆறுதல் சொல்ல வந்தால் இருக்கிற தைரியத்தையும் கொண்டுபோய்விடுவாள்.

"பிள்ளைக்கு இஞ்ச மனசு ஒட்டல்ல தங்கம். எனக்க சின்னம்மைக்க மருமவளும் இப்படித்தான். அம்ம வீடு, அம்ம வீடுண்ணு போய்ப்போய், கடைசியில ஒருநாள் பெட்டியோட போனவ திரும்பி வரவே இல்ல."

அன்றிலிருந்து தங்கபாய்க்குச் சோறு இறங்கவில்லை. மகனிடம் சொல்லவும் முடியாது. கடல் தாண்டி இருக்கிறவன் அங்கிருந்து என்ன செய்வான்? அந்த வாரமே ரெனிஷா தயங்கித் தயங்கி வந்து நின்றாள்.

"மாமி, ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிஞ்சதும் பூதப்பாண்டிக்குப் போயிட்டு வரட்டா? இந்தத் தடவை கொஞ்சநாள் கூடுதல் நிண்ணுட்டு வாறேன்."

தங்கபாய் நிமிர்ந்து பார்த்தாள். கீழுதட்டின் நடுவில் வெடிப்பு, அதில் ரத்தம் கசிந்து உறைந்திருந்தது. பயம் வந்தால் அவளுக்குக் கோபமாகத்தான் வெளியே வரும். அந்தக் கோபம் ஜெபிஷ் ஆள் மூலம் கொடுத்துவிட்டிருந்த லிப் பாம் குச்சியின்மேல் பாய்ந்தது. ரோஸ் நிறம், ஸ்ட்ராபெரி மணம், பின்பக்கம் எறும்பு ஊர்ந்த மாதிரி இங்கிலீஷ் எழுத்து.

"எல்லாம் அந்தக் குச்சி செய்யுத வேலையாக்கும். நாக்கு சொல்லமாட்டாத பேரையெல்லாம் உதட்டுல தேச்சா பின்ன என்ன ஆகும்? பூதப்பாண்டிக்குப் பின்ன போலாம். முதல்ல நாகர்கோவில்ல டாக்டரைப் பாப்போம்."

போனில் நேரம் கேட்டபோதே, உதட்டில் படுகிற எல்லாவற்றையும் எடுத்துக்கொண்டு வரச் சொல்லிவிட்டார்கள் கிளினிக்கில். பற்பசை, கல்யாணத்துக்கு வாங்கிய லிப்ஸ்டிக், மஸ்கட் குச்சி எல்லாம் ஒரு பைக்குள் போயின. தங்கபாய் தன் களிம்பிலும் புது டப்பி ஒன்றை மேலே வைத்தாள். டாக்டருக்கும் பிரயோஜனப்படட்டும் என்று ஒரு நல்ல எண்ணம்.

தோல் டாக்டர் ஃபாஸிலா கோட்டாறுக்காரர். ரெனிஷாவின் உதட்டை விளக்கடியில் வைத்து நன்றாகப் பார்த்துவிட்டு, குச்சியை எடுத்துப் பின்பக்கம் வாசித்தார்.

"இதுல ஃப்ளேவர்னு ஒரே ஒரு வார்த்தை போட்டிருக்கு. அந்த ஒரு வார்த்தைக்குள்ள எத்தனையோ சாமான் இருக்கலாம், நமக்குத் தெரியாது. இனிப்பு மணம் இருந்தா நாக்கும் சும்மா இருக்காது. நக்க நக்க உதடு இன்னும் காயும். இது வேண்டாம்மா."

தங்கபாய்க்கு உச்சி குளிர்ந்துவிட்டது. மருமகளை ஒரு பார்வை பார்த்தாள். அதற்குள் டாக்டர் டப்பியைத் திறந்திருந்தார்.

"அது நான் செய்ததாக்கும். கெமிக்கல் ஒண்ணும் கிடையாது. எல்லாம் நம்ம மண்ணுல உள்ளது."

டாக்டர் மோந்து பார்த்தார். "கிராம்பெண்ணெயா? எவ்வளவு விடுவீங்க?"

"நல்லா விடுவேன்."

"தேச்சா எரியுமா?"

"எரியும். நல்லா பிடிக்கும்."

டாக்டர் சிரிக்கவில்லை. "எரிச்சல் மருந்து பிடிக்கிறதுக்கு அடையாளம் இல்லம்மா. உதடு வேண்டாம்னு சொல்றதுக்கு அடையாளம். கிராம்பு, பட்டை, கற்பூரம், மெந்தால், எல்லாம் அப்படித்தான். மலையில விளைஞ்சதா, ஃபாக்டரியில செஞ்சதான்னு அந்தத் தோலுக்குத் தெரியாது." பிறகு ரெனிஷாவின் பக்கம் திரும்பினார். "எங்கயாவது போனா தானா ஆறுதா?"

ரெனிஷா மாமியாரைப் பார்த்தாள், பிறகு தரையைப் பார்த்தாள். "பூதப்பாண்டியில ஆறும்."

"அங்க என்ன தேய்ப்பே?"

"ஒண்ணும் தேய்க்கமாட்டேன்."

தங்கபாய்க்கு முகம் சுண்டிப்போயிற்று. "சபையில எத்தனையோ பேரு தேய்க்கினும். ஒருத்தருக்கும் ஒண்ணும் இல்ல" என்றாள்.

"அவங்களுக்கு ஒத்துக்கிட்டது இவளுக்கு ஒத்துக்கணும்னு இல்லையே. நான் உங்க களிம்புதான்னு இப்பவே சொல்லல. எல்லாத்தையும் நிறுத்துவோம். இந்தப் புண்ணுக்குச் சிலநாள் போட ஒரு மருந்து தாறேன். மற்றபடி மணம், நிறம் எதுவும் சேர்க்காத வெள்ளை பெட்ரோலியம் ஜெல்லி மட்டும் போதும். உதட்டுக்குப் போடுறதுல சாமான் எவ்வளவு குறைவோ அவ்வளவு நல்லது. ஆறின பிறகு ஒவ்வொண்ணா முழங்கை மடிப்புல தேச்சுப் பாக்கட்டும். எதுக்குச் சிவக்குதுன்னு கை காட்டித் தந்துரும்."

பஸ்ஸில் வரும் வழியெல்லாம் தங்கபாய் ஜன்னலுக்கு வெளியே பார்த்தபடி முணுமுணுத்துக்கொண்டே வந்தாள். "பெட்ரோலு ஆகும், எனக்க தேனீச்ச ஆகாதாக்கும்."

"பேருதான் மாமி அப்படி. சுத்தம் பண்ணி எடுக்குதது" என்றாள் ரெனிஷா மெல்ல.

ரெனிஷா அந்த ஞாயிற்றுக்கிழமை பூதப்பாண்டிக்குப் போகவில்லை. இங்கேயே தேய்த்துப் பார்க்கிறேன் என்று சொல்லிவிட்டாள். ஒரு வாரத்தில் தோல் உரிவது நின்றது. இரண்டாவது வாரத்தில் வெடிப்பும் மூடியது. குலசேகரத்துக் காற்றிலேயே, தங்கபாயின் வீட்டிலேயே, அந்த உதடு ஆறியது. தங்கபாய்க்குச் சந்தோஷமாகவும் இருந்தது, வயிற்றெரிச்சலாகவும் இருந்தது. மணமும் குணமும் இல்லாத அந்த ஜெல்லி டப்பாவைப் பார்க்கும்போதெல்லாம் முகத்தைத் திருப்பிக்கொண்டு போனாள்.

பிறகு கையில் தேய்த்துப் பார்க்கிற கட்டம் வந்தது. குச்சிக்குக் கை சிவக்கவில்லை. லிப்ஸ்டிக்குக்கும் சிவக்கவில்லை. கடைசியாகக் களிம்பு. இரண்டு நாள் பொறுத்துப்பார்த்துவிட்டுத் தங்கபாய் கேட்டேவிட்டாள்.

"தேச்சுப் பாத்தியா?"

"பாத்தேன் மாமி. ஒண்ணும் இல்ல."

தங்கபாய்க்குப் போன உயிர் திரும்பி வந்தது. நேசபாய் வீட்டுக்குப் போய், தன் களிம்பில் ஒரு குறையும் இல்லை என்று வாயாரச் சொல்லிவிட்டு வந்தாள். வரும்போது ரெனிஷா வெளியில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தாள். அந்த வெயிலில் முழுக்கை சட்டை போட்டிருந்தாள். கொடியை எட்டிப் பிடிக்கக் கையைத் தூக்கியபோது சட்டைக்கை நழுவியது. முழங்கை மடிப்பில் வட்டமாகச் சிவந்து, பொரிப்பொரியாகத் தடித்திருந்தது.

"இதென்னது?"

"கொசு கடிச்சது மாமி."

"எங்க ஊரு கொசு இவ்வளவு வட்டமா கடிக்காது மக்கா."

ரெனிஷாவின் கண் நிறைந்துவிட்டது. "மருமவளுக்காகத் தனியா காய்ச்சுனேன்ணு நீங்க எல்லாருட்டயும் சொல்லுதீங்க. அது வேண்டாம்ணு எப்படி மாமி சொல்லுவேன்? கல்யாணம் முடிஞ்சு கேறி வந்த வீட்டுல நான் வாயைத் திறந்து சொல்லுத முதல் காரியம் அதாவா?"

"அப்போ இதுதான்ணு நினக்கு முன்னமே தெரியும்."

"முதல் தடவை டப்பியை மறந்துட்டுத்தான் பூதப்பாண்டிக்குப் போனேன். ஆறிட்டு. பின்ன வேணும்ணே இங்கயே வச்சிட்டுப் போனேன்."

"ஆறதுக்காக மட்டுமா அங்க போனே?"

"ஆமா மாமி. ஆறுனதும் உடனே வந்திருவேன்லா."

"இஞ்ச சிரிக்காம இருந்தது?"

"சிரிச்சா வெடிச்சு ரத்தம் வருமே."

தங்கபாய் துவைக்கிற கல்லில் உட்கார்ந்துவிட்டாள். முதலில் வெட்கம் வந்தது. தன் கையால் அந்தப் பிள்ளையின் வாயை இத்தனை நாள் எரித்திருக்கிறோம், தேய்த்தாளா என்று காலையும் இரவும் கேட்டுவேறு உறுதிப்படுத்தியிருக்கிறோம் என்று நினைத்தபோது உடம்பு கூசியது. வெட்கத்தின் பின்னாலேயே இன்னொன்றும் வந்தது. இந்தப் பிள்ளைக்கு ஆகாமல் போனது நான் இல்லை, என் களிம்புதான். அப்பாடா என்று வாய்விட்டே சொல்லிவிட்டாள்.

ரெனிஷா பயந்துபோய்ப் பார்த்தாள்.

"ஏட்டி, ரத்தம் வடிய வடியத் தேச்சிட்டு இருந்தியா? இனி இந்த வீட்டுல ஆகாததை ஆகாதுண்ணு சொல்லணும். எனக்கு மனசு நோவும்தான். நொந்தா ரெண்டு நாள்ல ஆறும். நினக்க உதடு அப்படியா?" என்று அதட்டினாள். அதட்டலில் பாதி அழுகையாக வந்தது.

அந்த வாரமே சபையில் களிம்பு வாங்கியிருந்தவர்களிடம் போய், எரிகிறதா என்று ஒவ்வொருவரிடமும் கேட்டாள். எரியும், நல்லதுதானே என்றார்கள். கேட்டுக் கேட்டு டப்பிகளைத் திரும்ப வாங்கிக்கொண்டாள். புதிதாகக் காய்ச்சியதில் மெழுகும் தேங்காயெண்ணெயும் தவிர வேறொன்றும் சேர்க்கவில்லை. என்னென்ன சேர்த்திருக்கிறது என்பதை ரெனிஷாவைக்கொண்டு மூடியிலேயே எழுதவைத்தாள். முதலில் முழங்கை மடிப்பில் தேய்த்துப் பார்க்கவும், எரிந்தால் துடைத்துவிடவும் என்றும் எழுதச் சொன்னாள்.

"எரியவே இல்லியே தங்கம். சத்தில்லாத சாமானை எதுக்குத் தேய்க்க?" என்று நேசபாய் குறைப்பட்டாள்.

"எரியணும்ணா மொளகாயை அரச்சுப் பூசு" என்றாள் தங்கபாய்.

புதுக் களிம்பு ரெனிஷாவின் கையைச் சிவக்கவைக்கவில்லை. ஆனாலும் அவள் உதட்டில் தேய்ப்பது ஜெல்லியைத்தான். தங்கபாய் அதைப் பற்றி இப்போது கேட்பதில்லை. கேட்க வாய் வரும், அடக்கிக்கொள்வாள்.

ஒருநாள் மத்தியானம் இருவரும் சாப்பிட உட்கார்ந்திருந்தார்கள். ரெனிஷா சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தாள்.

"மாமி, ஆகாததை ஆகாதுண்ணு சொல்லணும்ணு சொன்னீங்கல்லா. ஒரு காரியம் சொல்லட்டா?"

"சொல்லு."

"மீன்கறியில புளி கூடுதல். இண்ணைக்கு மட்டும் இல்ல. நான் வந்த நாள்லேந்தே."

தங்கபாய்க்குச் சுருக்கென்றது. அவள் மீன்கறியை இதுவரை யாரும் ஒரு சொல் குறை சொன்னதில்லை. கணவர் சட்டியை வழித்துச் சாப்பிடுவார். பூதப்பாண்டியில் வயலைப் பார்த்து வளர்ந்தவளுக்கு மீனைப் பற்றி என்ன தெரியும் என்று கேட்க நாக்கின் நுனிவரை வந்துவிட்டது. வந்த வேகத்தில் நின்றது. பெட்டியைக் கட்டிக்கொண்டு போக நினைக்கிறவள் கறியில் புளி கூடுதலா குறைவா என்று பார்த்துக்கொண்டிருக்க மாட்டாள். நாளைக்கும், அடுத்த வருஷமும், அதற்கப்புறமும் இதே சட்டியில் சாப்பிடப்போகிறவள்தான் அதைச் சொல்லுவாள்.

"எவ்வளவு கூடுதல்?" என்று கேட்டாள் தங்கபாய்.

"நல்லாவே கூடுதல் மாமி."

சொல்லிவிட்டு மாமியாரின் முகம் போன போக்கைப் பார்த்த ரெனிஷாவுக்கு அடக்க முடியவில்லை. வாயைப் பொத்தவும் இல்லை. நேசபாய் வீட்டுக்குக் கேட்கிற மாதிரி சிரித்தாள். தங்கபாய் அவள் தட்டில் இன்னொரு கரண்டி சோற்றை வைத்தாள்.

"இண்ணைக்கு இதைத் தின்னு. நாளைக்கு நீ கறி வை, நான் குறை சொல்லுகேன்" என்றாள்.