குவைத்திலிருந்து அழைத்த கலியாணம்

அஜந்தாவுக்கு நாற்பத்தொரு வயது. குவைத்தில் ஒரு வீட்டில் சமையல் வேலை. அவளுடைய பதினொரு வருட உழைப்பில் சொந்த ஊரான நாவற்குடாவில் ஒரு வீடு எழும்பியது. அது தங்கைக்குச் சீதனமாகப் போனது. தங்கையின் கலியாணம் பெரிய மண்டபத்தில் நடந்தபோது அஜந்தா அதைத் தொலைபேசித் திரையில்தான் பார்த்தாள்.

இப்போது அவளுக்கே கலியாணம். மாப்பிள்ளை மதுரன் வாழைச்சேனை பஸ்ஸில் கொண்டக்டர்; மனைவியை இழந்தவர். ஏற்பாடுகளைத் தம்பி நிலோஜனிடம் ஒப்படைத்திருந்தாள். மண்டபம் வேண்டாம், கோயிலிலே தாலி கட்டு, மேளம், நூறு பேருக்கு மரக்கறிச் சாப்பாடு. அவ்வளவுதான்.

கலியாணத்துக்கு மூன்று கிழமை இருக்கையில் ஊரிலிருந்து பக்கத்து வீட்டு இலட்சுமிப்பிள்ளை தொலைபேசியில் அழைத்தாள்.

"புள்ள, உனக்கு ரெஜிஸ்டர் மட்டுந்தானாமே? தம்பி ஒருத்தருக்கும் சொல்லல்ல. மேளக்காரரையும் வேணாமெண்டிட்டானாம்."

அஜந்தா உடனே தம்பியை அழைத்தாள்.

"ஓம் அக்கா," என்றான் நிலோஜன். "இந்த வயசில ஊரைக் கூட்டிச் சிரிக்க வைக்கணுமா? அவருக்கும் ரெண்டாங் கலியாணம். நாலு பேர் கையெழுத்து வச்சா முடிஞ்சுது. உங்களுக்கும் செலவு குறைவு."

"செலவைக் குறைக்கத்தான் சொன்னன். என்னைக் குறைக்கச் சொல்லல்ல."

"அப்ப நீங்களே செய்யுங்க. நான் வரமாட்டன்."

"வாறதும் வராததும் உன்ட விருப்பம். கலியாணம் நடக்கும்."

குவைத் வீட்டுக்காரர்கள் மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு ஒரு மணி நேரம் தூங்குவார்கள். அந்த ஒரு மணி நேரத்தில், சமையலறை வாசலில் குந்தியிருந்து, சொந்தக்காரரை ஒவ்வொருவராக அழைத்தாள்.

"வாசலுக்கு வந்து சொல்ல வேண்டியது, குறை நினைக்காதீங்க. என்ட கலியாணம். பகலில, கோயில்ல, மேளத்தோட."

சிலர் சிரித்தார்கள். "இந்த வயசில என்னத்துக்கு புள்ள?" என்று அன்னப்பூரணி மாமி கேட்டாள்.

"துணை வேணும் மாமி. அதுக்கு வயசு பாக்கிற ஆள் நான் இல்ல. வருவீங்களா, மாட்டீங்களா? அரிசி போட ஆள்கணக்கு வேணும்."

"வாறன். மரக்கறி வெட்டவும் ஆள் கூட்டி வாறன்," என்றாள் மாமி.

மேளக்காரரை இலட்சுமிப்பிள்ளை மறுபடி பேசிப் பிடித்தாள். காத்தான்குடியில் சேலைக்கடை வைத்திருக்கும் ஸுஹைனா வீடியோவில் சேலைகளை விரித்துக் காட்டினாள். முதலில் வெளிர் நிறங்களாகவே எடுத்துப் போட்டாள்.

"கலியாணப் பொம்புளையிட தாய்க்கா?"

"பொம்புளைக்குத்தான். நான்தான் பொம்புளை. சிவப்பில காட்டுங்க."

ஸுஹைனா வாய்விட்டுச் சிரித்துவிட்டு, விலை குறைந்ததில் நல்ல சிவப்பாக ஒன்றைத் தேடி எடுத்தாள்.

கலியாணத்துக்கு இரண்டு நாள் முந்தி அஜந்தா லீவில் ஊர் வந்து சேர்ந்தாள். கலியாணத்தன்று வாவிக்கரைக் கோயிலில் நூற்று நாற்பது பேர் கூடினார்கள். தாலி ஏறியதும் அன்னப்பூரணி மாமி இரண்டாவது உலையை ஏற்றினாள். நிலோஜனின் மனைவி விதுர்ஷா அவனில்லாமல் பிள்ளையோடு வந்திருந்தாள்.

"மச்சாள், அவருக்கு ஒரு பார்சல் கட்டவா?" என்று மெல்லக் கேட்டாள்.

"பார்சல் இல்ல. சாப்பாடு வேணுமெண்டா பந்தியில வந்து இருக்கச் சொல்லு."

கடைசிப் பந்திக்கு நிலோஜன் வந்தான். தலை குனிந்தபடி மூலையில் உட்கார்ந்தான். அஜந்தா சிவப்புச் சேலையோடு வந்து அவனுக்குச் சோறு போட்டாள்.

"கன சனம் வந்திருக்கு போல," என்றான், இலையைப் பார்த்தபடி.

"நான் கூப்பிட்டன்," என்றாள் அஜந்தா. பருப்பையும் ஊற்றிவிட்டு அடுத்த இலைக்குப் போனாள்.